அப்பாவுக்குக் கேட்காத பறவைகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்குக் காகிதத்தில் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். ரகசியம் ஒன்றும் இல்லை, ஆனால் இப்போதெல்லாம் இந்த வீட்டில் எதையும் மெதுவாகப் பேச முடிவதில்லை. உப்பு போதுமா என்று நான் அப்பாவைக் கேட்டால் எதிர் மாடி வெல்டிங்காரர் போதும்மா என்கிறார். போன தடவை பேசும்போது நீ, அப்பாவுக்கு என்கிட்ட பேச ஒண்ணுமே இல்லையாம்மா, எப்ப பண்ணினாலும் ம் ம்னு சொல்லிட்டு உன்கிட்ட குடுத்துடறாரே என்று கேட்டாய். அவர் என்னைக்குத்தான் வாய் திறந்து பேசினார் என்று சொல்லி நான் பேச்சை மாற்றிவிட்டேன். அன்றைக்கு எனக்கே விஷயம் தெரியாது. இப்போது தெரியும். அவருக்கு உன்மேல் கோபம் இல்லை கண்ணு. நீ அங்கேயே வேலை பார்க்கப்போகிறேன் என்று சொன்னபோது வருத்தம் இருந்தது உண்மைதான், அதெல்லாம் ஆறிப்போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. உன் குரல் போனில் அவருக்கு விழுவதே இல்லை. இதை முதலிலேயே எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கம் வரை பதறிக்கொண்டே படிப்பாய்.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். அப்பாவின் வேலை உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் பறவைகள் கூடு கட்டும் பருவம் வந்தால் காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் முப்பது வருஷத்துக்கு மேலாக அதே பாதையில் அதே மரங்களின் அடியில் நின்று எண்ணியவர் அவர் ஒருவர்தான். ஆள் மாறினால் கணக்கு மாறிவிடும் என்பார்கள். விடிகிற நேரத்தில் அடையாளம் போட்ட மரத்தடியில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கவேண்டும், இலை அடைத்துக் கிடக்கும் காட்டில் பறவையைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம், காதால்தான் எண்ணவேண்டும், அவர் பேரைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்வார். எழுதுகிற உதவியாளருக்கு இந்தத் தடவை மாற்றல் வந்துவிட்டது. நானும் பள்ளி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்று வீட்டில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். நீ வாயேன், எழுதத்தானே வேணும், அங்க வருகைப் பதிவு எழுதின கைதானே என்றார். சரி, இவ்வளவு வருஷம் இவர் எங்கே போய் நிற்கிறார் என்றுதான் பார்ப்போமே என்று நானும் கிளம்பினேன். எனக்குப் பறவை என்றால் காகமும் புறாவும் தெரியும், அவ்வளவுதான்.

முதல் இரண்டு மரத்தில் ஒன்றும் இல்லை, அவர் சொன்னார், நான் எழுதினேன். அடுத்த மரத்தடியில் தலைக்கு நேர் மேலே ஒரு சத்தம், மெல்லிசாக, கண்ணாடியில் ஊசியால் கீறினால் வருமே அது மாதிரி, விடாமல் வந்துகொண்டிருந்தது. அவர் பேர் சொல்லுவார் என்று பென்சிலோடு காத்திருந்தேன். எங்கேயோ தூரத்தில் தட்டிய மரங்கொத்தியைச் சொன்னார், காட்டுப்புறாவைச் சொன்னார், இதைச் சொல்லவே இல்லை. இதெல்லாம் கணக்கில் வராதோ, பூச்சியாக இருக்குமோ என்று நினைத்து, என்னங்க, அது என்னது என்று கேட்டேன். எது என்றார். இதுதாங்க, இப்படிக் கத்துதே என்று மேலே கை காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். கிளை நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிட்டு உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்குச் சத்தமும் கேட்கிறது, வாயும் தெரிகிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், முகத்தில் ஒன்றும் இல்லை. நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது ஊசி ஊசி என்று ஒரு பறவையைப் பற்றிச் சொல்லுவாரே, நிலையத்தில் இவராக வைத்த செல்லப்பேர், அதுதான் அது. பத்து வருஷமாகக் குறைந்துகொண்டே வந்து இந்தக் காட்டை விட்டே போய்விட்டது என்று நம்மிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நிலையத்து அறிக்கையில் இருக்கிற கோடுகளில் செங்குத்தாக இறங்குகிற கோடு அதனுடையதுதானாம். கொஞ்ச நேரம் கழித்து, ஊசி ஒண்ணு, எழுதிக்கோ என்றார். நான் எழுதப்போனேன். கேட்டதுன்னு எழுதாதே, பார்த்ததுன்னு எழுது என்றார். மிச்ச மரங்களையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினோம்.

காது டாக்டரிடம் போவதற்கு நான் கெஞ்சவேண்டி இருக்கும் என்று நினைத்தேன், அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்று கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வெளியில் சோதிக்கிற பெண் ஒவ்வொரு சத்தமாகத் திருப்பிக்கொண்டே போனாள். முதலில் டக் டக்கென்று அழுத்தினார். அப்புறம் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார், கவனமாகக் கேட்கிறவர் முகம்தான், விரல் மட்டும் அசையவில்லை. அவள் வரைந்து காட்டிய கோடு இடது பக்கம் சமமாகப் போய் வலது பக்கம் சரிந்து விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு உங்கப்பா, எங்க ஆபீஸ்லயும் இதே மாதிரி ஒரு கோடு இருக்கும்மா என்றார். அவளுக்குப் புரியவில்லை, மரியாதைக்குச் சிரித்தாள். இது நேற்று வந்தது இல்லை என்றும் எட்டு பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்றும், மெல்லிசான சத்தங்கள்தான் முதலில் போகும் என்றும் சொன்னாள். கனமான குரலெல்லாம் கேட்டுட்டே இருக்கிறதால இவங்களுக்கே தெரியாதும்மா, பொம்பளைங்க, குழந்தைங்க பேசறது, அதுவும் போன்ல, ரொம்பச் சிரமப்பட்டிருப்பாரு என்றாள். அப்போதுதான் எனக்கு நீ கேட்டது ஞாபகம் வந்தது. உன் குழந்தை பேச ஆரம்பித்ததில் இருந்து தாத்தா தாத்தா என்று அது சொன்ன எதுவும் இவருக்கு விழுந்திருக்காது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவேண்டும், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருத்தர் கன்னம் மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது இரண்டு பேருக்கும்.

அடுத்த நாளே நிலையத்துக்குக் கிளம்பினார். அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. காட்டின் கிழக்குப் பகுதியில் பழைய மரங்களை வெட்டுவதற்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். வெட்டக்கூடாது, ஏற்கெனவே காட்டுப் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன என்று அறிக்கை எழுதி, அனுமதி கொடுக்கிற குழுவின் முன்னால் வைக்க நிலையத் தலைவி தயாராக இருந்தாள். அந்த அறிக்கைக்கு முதுகெலும்பே அப்பாவின் கணக்குதான். இப்பவே சொல்லணுமா, அந்தக் கூட்டம் முடியட்டுமே, யார் வந்து உங்க காதுக்குள்ள பார்க்கப்போறாங்க என்று வாசல் வரைக்கும் போய்ச் சொன்னேன், சொன்னேன் என்றால் கத்தினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, நாளைக்கு வேற யாராச்சும் கண்டுபிடிச்சா மரங்கொத்திக் கணக்கையும் சேர்த்துக் குப்பையில போட்டுடுவாங்க, அது நிஜமாவே குறைஞ்சிருக்கு என்றார். நானும் கூடப் போனேன். அந்தத் தலைவி மாணவியாக வந்தபோது நம் வீட்டில் சாப்பிட்ட பெண்தான், குட்டைமுடி என்று நீ பேர் வைத்தாயே அவளேதான், இப்போது கண்ணாடி போட்டு ஆள் பாதியாக இருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், சோதனைத் தாளையும் மேசைமேல் வைத்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சார், நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது என்றாள். ஆமா, தெரிஞ்சிருக்காது என்றார் இவர். தெரியாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார் என்றாள். பிறகு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் குழுவுக்குப் போன் போட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

நல்லவேளையாக அங்கே தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் இருக்கிறாள், வாய் ஓயாமல் பேசுவாள், எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தவளைச் சத்தம் பிடிப்பதற்காக இவளும் இவளுக்கு முன்னால் இருந்தவர்களும் ஓடையை ஒட்டி மரங்களில் ஒலிப்பதிவுப் பெட்டிகள் கட்டிவைத்திருக்கிறார்கள், அது அப்பா நடக்கிற அதே பாதை. அவர்களுக்கு வேண்டியது சாயங்காலச் சத்தம் மட்டும்தான், ஆனால் பெட்டி காலையிலும் அதுபாட்டுக்குப் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது, வருஷக்கணக்காக யாரும் கேட்காத காலைகள் அப்படியே சேர்ந்து கிடந்தன. பெட்டி கட்ட ஆரம்பித்ததும் அப்பாவின் காது கெட ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரே சமயம்தான். ஆகையால் அதைக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பெண் தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வாரக்கணக்கில் அதையே கேட்டாள். அப்பாவையும் ஒருநாள் வரச்சொன்னாள், நானும் போனேன். கம்ப்யூட்டரில் சத்தத்தைப் படமாகப் போட்டுக் காட்டினாள், கனத்த குரல் கீழே தடியாக விழுகிறது, மெல்லிசான குரல் மேலே மயிர் மாதிரிக் கோடுகளாகத் தெரிகிறது. அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பார்த்தார். மேலே வரிசையாக இருந்த சின்னக் கோடுகள்மேல் விரல் வைத்து, இது ஊசி என்றார். எப்படி சார் தெரியுது என்று கேட்டாள். மூணு இழுத்து ஒண்ணு விடும், அதே தாளந்தான் என்றார். சத்தமா இருக்கா என்று அவளைக் கேட்டார். ரொம்பச் சத்தமா இருக்கு சார், காதைக் குத்துது என்று அவள் ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டாள். எனக்கும் கேட்டது. அவர் ம் என்றார், அடுத்ததைப் போடச் சொன்னார்.

கடைசியில் தெரிந்தது இதுதான். ஊசி எங்கேயும் போகவில்லை, பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்த அளவுக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அடிமரத்தில் ஊர்ந்து ஏறுகிற ஒன்று, அதற்கும் மெல்லிசுக் குரல்தான், அதுவும் இருக்கிறது. ஆனால் தரையில் சருகுக்குள் கூடு கட்டுகிற இன்னொரு மெல்லிசுக் குரல், அது பெட்டிகளிலும் வருஷா வருஷம் குறைந்து, கடைசி வருஷங்களில் எங்கேயுமே இல்லை. மரங்கொத்தி, காட்டுப்புறா, ஆந்தை, இவற்றை அப்பா எண்ணினதும் பெட்டி சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. அவை நிஜமாகவே பாதிதான் மிச்சம். பொந்து விழுந்த கிழட்டு மரங்கள் இல்லாமல் அவற்றால் இருக்க முடியாதாம். தலைவி இந்தச் செய்தியைச் சொல்ல வீட்டுக்குப் போன் செய்தாள், நான்தான் எடுத்தேன். அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவரிடம் ஓடிப்போய், என்னங்க, ஊசி இருக்காம், போகலையாம் என்று கத்தினேன். எதிர் மாடியில் இருந்து என்ன ஊசிம்மா காணோம் என்று கேட்டார் வெல்டிங்காரர். உங்கப்பா, இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தார். அது போய்விட்டது என்று வருஷக்கணக்காகத் துக்கம் கொண்டாடியவர், இருக்கிறது என்றதும் துள்ளிக் குதிப்பார் என்று நான்தான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவருக்கு அது திரும்பி வரவில்லையே, மற்றவர்களுக்குத்தானே இருக்கிறது.

கூட்டம் நடந்தது. அப்பா பின்வரிசையில் போய் உட்கார்ந்தாராம், புதுசாக வாங்கிய காதுக்கருவியை மாட்டிக்கொண்டு. மரம் வெட்டக் கேட்டவர்கள் பக்கத்து ஆள் எழுந்து, இத்தனை வருஷக் கணக்குன்னு சொன்னீங்களே, செவிடர் எடுத்த கணக்கை வெச்சுக்கிட்டா எங்களை நிறுத்தப் பார்க்கறீங்க என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து அப்பாவே சொன்னார், மத்தவங்க பேசினதெல்லாம் கொழகொழன்னு இருந்துச்சு, அது மட்டும் நல்லாக் கேட்டுச்சு என்று. நான் சிரித்துவிட்டேன், அவரும் லேசாகச் சிரித்தார். தலைவி, அதை எங்களுக்குச் சொன்னதே அவர்தான், சொன்னதாலதான் திருத்த முடிஞ்சுது என்று எழுந்து சொல்லி, பெட்டிக் கணக்கையும் இவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறாள். முடிவு பாதிப் பாதியாகத்தான் வந்தது. ஓடையை ஒட்டிப் பொந்து மரங்கள் இருக்கிற பட்டையை விட்டுவிடுவார்கள். மேட்டில் இருப்பது போகும், மழை நின்றதும் வெட்ட ஆட்கள் இறங்குவார்களாம். அப்பாவின் அடையாள மரங்களில் சிலது மேட்டில் இருக்கிறது. பழைய கோடு அவ்வளவு செங்குத்தாக இறங்கியிராவிட்டால் முதலில் இருந்தே யாரும் நம்மைக் கவனித்திருக்கமாட்டார்கள் என்று தலைவி என்னிடம் தனியாகச் சொன்னாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

காதுக்கருவி வந்ததில் வீட்டில் இருக்கிற கரண்டி, காகிதம், என் செருப்பு எல்லாம் அவருக்குப் பகையாகிவிட்டது, நீ நடக்கறதுல இவ்வளவு சத்தமா என்கிறார். ஒருநாள் இரண்டு பேரும் காட்டுக்குப் போய் அதே மரத்தடியில் நின்று பார்த்தோம். எனக்கு ஊசி கேட்டது. அவர் கருவியைத் திருகித் திருகிப் பார்த்தார். மணலைத் தேய்க்கிற மாதிரி ஏதோ இருக்கு, ஆனா அது இல்ல என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வரும் பருவத்தில் இருந்து அந்தத் தவளைப் பெண்தான் பறவைகளையும் எண்ணப்போகிறாள், ஆனால் முதல் வருஷம் அப்பாவும் கூடவே நின்று தனியாக எண்ணவேண்டுமாம். இவர் காதுக்கு எவ்வளவு விழுகிறது, அவள் காதுக்கு எவ்வளவு விழுகிறது என்று தெரிந்தால்தான் பழைய கணக்கு முழுவதையும் முறைப்படி திருத்த முடியுமாம். என் செவிட்டையும் எண்ணப்போறாங்க என்றார் என்னிடம். போவீங்களா என்று கேட்டேன். போகாம என்றார். இப்போதைக்குக் காலையில் பழக்கதோஷத்தில் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போகிறார், அப்புறம் வந்து கழற்றிவைக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், பேப்பர் படிக்கிறார், ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது, கவலை என்று எழுதுகிறேனே தவிர அதுவும் அவ்வளவாகத் தோன்றவில்லை.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. உன் தம்பிக்கு வேலையில் இடம் மாற்றிவிட்டார்கள், இப்போது லீவு நாளில்தான் வருகிறான், வந்தாலும் துணி துவைக்கத்தான் வருகிறான். என் முழங்கால் மாடிப்படியில் மட்டும் முறுக்கிக்கொள்கிறது, காட்டில் நடந்தால் ஒன்றும் செய்யவில்லை, அது என்ன கணக்கோ. குழந்தையின் காதில் பஞ்சுக் குச்சியெல்லாம் விடாதே. மாப்பிள்ளையும் நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டே இருக்கிறார், அவரிடமும் பக்குவமாகச் சொல். நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இனிமேல் முகம் தெரிகிற மாதிரியே போன் பண்ணு, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள், கத்தாதே, கத்தினால் உன் குரல் இன்னும் கீச்சென்று போய்விடும். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லு. குழந்தையையும் நேராக உட்காரவை. அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தால் இன்னொரு தடவை சொல்லு, பரவாயில்லப்பா விடுங்க என்று மட்டும் சொல்லிவிடாதே, அதை அவர் வாயசைவிலேயே கண்டுபிடித்துவிடுகிறார், நான் பார்த்துவிட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு ஒத்து, நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். குழந்தைக்கு எங்கள் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உடனே பதில் போடாவிட்டாலும் கிடைத்தது என்று ஒரு வார்த்தை அனுப்பு.

எங்கே இருந்தாலும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

முடித்துவிட்டு அப்பாவிடம் பேனாவைக் கொடுத்து நீங்களும் ரெண்டு வரி எழுதுங்க என்றேன். என்ன எழுதறது என்றார். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காட்டில் எண்ண ஆரம்பிக்கும் முன்னால் தாளின் தலைப்பில் முதலில் எதை எழுதுவார்களோ அதைத்தான் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் வரவில்லை என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அடிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

வானம் பாதி மேகம். காற்று இல்லை. மழை இல்லை. எண்ணுபவர்: அப்பா.